பாயிண்டரை எண்ணாக்கும் முன்: ஐஆர் விதி எழுதப் புதிதாக வருபவர்களுக்கு

பெங்களூரில் அவுட்டர் ரிங் ரோடு ஓரமாக இருக்கும் ஒரு சிப் நிறுவனத்தின் கம்பைலர் குழுவில் வேலை செய்கிறேன். எங்கள் ஆக்சிலரேட்டருக்கு, எல்எல்விஎம் என்ற திறந்த மூலக் கம்பைலர் கட்டமைப்பை அடித்தளமாக வைத்து ஒரு தனி ஐஆர் (கம்பைலர் உள்ளுக்குள் பயன்படுத்தும் இடைநிலை மொழி) எழுதிக்கொண்டிருந்தோம். அதில் பாயிண்டரை முழு எண்ணாகவும், முழு எண்ணைத் திரும்பப் பாயிண்டராகவும் மாற்றும் ஆபரேஷன்களுக்கு விதி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டே இரண்டு காஸ்ட் தானே, ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று குழுவில் எல்லோரும் நினைத்தோம். நாலு மாதம் ஆனது. அதில் ஏறக்குறைய பாதி, விதியை எழுதாமல் கோடு எழுத ஆரம்பித்ததால் போன காலம்.

இதே வேலை இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் பலரிடம் வருகிறது. கல்லூரி முடித்து ஒயிட்ஃபீல்டிலோ பெல்லந்தூரிலோ கம்பைலர் குழுவில் சேர்ந்த சிலர் என்னிடம் கேட்ட கேள்விகள், நான் அன்று கேட்டவையாகவே இருந்தன. அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன். ஐஆர் படிக்கத் தெரியும், ஆப்டிமைசேஷன்களை ஓட்டும் ஆப்ட் கருவியை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

1. கோடைத் தொடும் முன் மூன்று கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதுங்கள்

முதல் கேள்வி: உங்கள் பாயிண்டர் மொத்தம் எத்தனை பிட்? இரண்டாவது: அதில் முகவரி எத்தனை பிட்? மூன்றாவது: அந்த பிட்களைத் தவிர வேறு எதையாவது பாயிண்டர் சுமக்கிறதா?

முதல் இரண்டுக்கும் ஒரே விடைதான் என்று பலர் எழுதிவிடுவார்கள். எக்ஸ்86-64இல் அது சரி. செரி (CHERI) வகை ஹார்டுவேரில் முகவரி 64 பிட், பாயிண்டர் 128 பிட். மீதியில் எல்லையும் அனுமதியும் இருக்கும். இவை போக, செல்லுபடியைக் காட்டும் ஒரு டேக் பிட் தனியாகப் பக்கத்தில் இருக்கும். ஏஎம்டி ஜிபியு பேக்கெண்டில் 8ஆம் அட்ரஸ் ஸ்பேஸில் (ஒவ்வொரு வகை மெமரிக்கும் ஒரு எண் உண்டு) பாயிண்டர் 128 பிட், கணக்குப் போடும் அகலம் 48 பிட். 7ஆம் ஸ்பேஸில் 160 பிட்டும் 32 பிட்டும். எங்கள் சிப்பிலும் இதே மாதிரிதான். நாங்கள் முதலில் எல்லாவற்றையும் 64 பிட் எண்ணாக்கித் திரும்பப் பாயிண்டராக்கினோம். மேல் பிட்கள் தொலைந்தன. ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0வில் சரியாக ஓடிய நிரல், ஆப்டிமைசேஷன் போட்ட ஓ2வில் தவறான விடை தந்தது. அதைக் கண்டுபிடிக்கவே மூன்று வாரம்.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதற்கு ப்ராவெனன்ஸ் என்று பெயர். பெங்களூர் அப்பார்ட்மெண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பி-304 என்ற பிளாட் நம்பர் உங்களுக்குத் தெரியும். அது தெரிந்ததாலேயே உள்ளே போய்விட முடியாது. கேட்டில் செக்யூரிட்டி விட வேண்டும். பிளாட் நம்பர்தான் முகவரி. உள்ளே போகும் அனுமதிதான் ப்ராவெனன்ஸ். பாயிண்டர் என்பது இரண்டும் சேர்ந்தது. எந்த ஆப்ஜெக்டிலிருந்து அது பிறந்ததோ, அந்த ஆப்ஜெக்டை மட்டும் தொடும் அனுமதி அதற்கு உண்டு. சாதாரண ஹார்டுவேரில் இந்த அனுமதி எந்த ரெஜிஸ்டரிலும் கிடையாது. ஆனால் ஆப்டிமைசர் அதை நம்பித்தான் இரண்டு பாயிண்டர் ஒரே இடத்தைத் தொடாது என்று முடிவெடுக்கிறது.

மெஷினில் ஒன்றுமே செய்யாத மாற்றம், ஐஆரிலும் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நினைப்பிலிருந்து வந்தவை.

2. டேட்டா லேஅவுட் வரியைச் சரி செய்யுங்கள்

முதல் இரண்டு விடைகளும் எழுத்தில் உட்காரும் இடம் இதுதான். எல்எல்விஎம்மில் பி என்ற எழுத்து, அட்ரஸ் ஸ்பேஸ் எண், பிறகு முக்காற்புள்ளி போட்டு வரிசையாக: பாயிண்டர் அகலம், கட்டாய அலைன்மெண்ட், விரும்பும் அலைன்மெண்ட், கடைசியாக இண்டெக்ஸ் அகலம் (முன்பு சொன்ன, கணக்குப் போடும் அகலம்). கடைசி எண்ணை விட்டுவிட்டால் அது பாயிண்டர் அகலத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளப்படும். முழுக்கவே எழுதாவிட்டால் 64 பிட் என்று எடுத்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

முகவரியை எண்ணாக நினைக்கவே கூடாத ஸ்பேஸ்கள் இருந்தால் அவற்றை என்ஐ (நான்-இண்டெக்ரல்) பட்டியலில் சேருங்கள். ஆப்டிமைசர் தன்னிஷ்டத்துக்கு அங்கே எண்-பாயிண்டர் மாற்றங்களைப் புதிதாக நுழைக்காது. ஏஎம்டி பேக்கெண்ட் 7, 8, 9 ஆகிய ஸ்பேஸ்களை இப்படிக் குறிக்கிறது.

பிரண்டெண்டில் ஒரு வரி, பேக்கெண்டில் வேறு வரி என்று இருந்துவிட வேண்டாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு டெஸ்டை முதல் நாளே எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

3. அகலம் மாறும்போது என்ன ஆகும் என்று எழுதுங்கள்

இது எளிது, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பாயிண்டரை எண்ணாக்கும் எல்எல்விஎம்மின் பிடிஆர்-டு-இன்ட்டில் எண் வகை பெரிதாக இருந்தால் மேலே சைபர் நிரப்பும், சிறிதாக இருந்தால் வெட்டும், சமமாக இருந்தால் அப்படியே விடும். திரும்பி வரும் இன்ட்-டு-பிடிஆரிலும் இதே விதி. ஜிசிசி ஆவணம் வேறு சொல்கிறது: பாயிண்டரைவிடப் பெரிய எண்ணாக மாற்றும்போது சைன் எக்ஸ்டென்ட் செய்வோம் (மேல் பிட்டையே நகல் எடுத்து நிரப்புவோம்) என்கிறது. 32 பிட் பாயிண்டரை 64 பிட் எண்ணில் வைக்கும் கோடு உங்களிடம் இருந்தால், இரண்டு கம்பைலரில் இரண்டு விடை வரலாம். முகவரியின் மேல் பிட் 1 ஆக இருக்கும்போது மட்டும் வரும் என்பதால் டெஸ்டில் சிக்காது.

எண்ணிலிருந்து பாயிண்டருக்கு வரும் வழியில், எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங் ஒரு நல்ல வேலை செய்கிறது. முதலில் எண்ணை அதன் சைனுக்கு ஏற்றபடி பாயிண்டர் அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்கப்புறம்தான் காஸ்ட் செய்கிறது. அதனால் எந்த வகை நீட்டல் என்பது காஸ்டுக்குள் ஒளிந்திருக்காது. உங்கள் ஐஆரில் இன்னும் ஒரு படி போங்கள்: அகலம் பொருந்தாவிட்டால், ஐஆரைச் சரிபார்க்கும் வெரிஃபையர் மறுக்கட்டும். வெட்ட வேண்டுமானால் தனி ஆபரேஷன், நீட்ட வேண்டுமானால் தனி ஆபரேஷன். ஐஆர் ஒரு வரி நீளும், அவ்வளவுதான்.

4. "முகவரி மட்டும்" என்பதைத் தனி ஆபரேஷனாக்குங்கள்

பாயிண்டரை எண்ணாக்குபவர்கள் பெரும்பாலும் எதற்காகச் செய்கிறார்கள்? இரண்டு பாயிண்டருக்கு இடையே தூரம் பார்க்க, 16ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க, ஹாஷ் போட. எதிலும் அந்த எண்ணிலிருந்து திரும்பப் பாயிண்டர் செய்யும் எண்ணம் இல்லை. பிளாட் நம்பரை மட்டும் கேட்கிறார்கள்.

வேறு சிலர், எண்ணாக்கி எங்கோ வைத்துவிட்டு, நாளைக்கு அதிலிருந்து பாயிண்டர் செய்வார்கள். அது கேட்டில் போய், "இந்த பிளாட்டுக்கு யாராவது வருவார்கள், விட்டுவிடுங்கள்" என்று ரெஜிஸ்டரில் எழுதி வைத்துவிட்டு வருவது போல. இதற்கு எக்ஸ்போஸ் செய்வது என்று பெயர்.

இந்த இரண்டுக்கும் ஒரே ஆபரேஷன் வைத்தால் இரண்டில் ஒரு நஷ்டம் உறுதி. எல்லா மாற்றமும் எக்ஸ்போஸ் செய்கிறது என்று வைத்தால், வெறும் கழித்தலுக்காக எண்ணாக்கிய பாயிண்டரின் ஆப்ஜெக்டைக்கூட யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று அலையாஸ் அனாலிசிஸ் (எந்தப் பாயிண்டர்கள் ஒரே இடத்தைத் தொடலாம் என்று பார்க்கும் பகுதி) நினைக்க வேண்டிவரும். எதுவுமே எக்ஸ்போஸ் செய்யாது என்று வைத்தால், எண்ணிலிருந்து உண்மையிலேயே பாயிண்டர் செய்யும் நிரல்கள் உடையும்.

இப்படிப் பிரிப்பது இப்போது பொதுவான வழியாகவே ஆகிவிட்டது. ரஸ்ட் மொழியின் 1.84 பதிப்பு, 2025 ஜனவரியில், முகவரி மட்டும் எடுக்க ஒரு ஃபங்ஷனையும் எக்ஸ்போஸ் செய்து எடுக்க இன்னொன்றையும் நிலைப்படுத்தியது. எல்எல்விஎம்மில் 2025இல் பிடிஆர்-டு-ஆடர் என்ற ஆபரேஷன் சேர்ந்தது. அது முகவரி பிட்களை மட்டும் எடுக்கும். ப்ராவெனன்ஸ் வெளியே போகாது. ஃபங்ஷன் ஆர்குமெண்டுகளுக்கான கேப்சர்ஸ் குறிப்பிலும் அதே வருடம் முகவரி வெளியே போகிறதா, ப்ராவெனன்ஸும் போகிறதா என்று தனித்தனியே சொல்ல வழி வந்தது. சி மொழிக்கு ஐஎஸ்ஓவின் டிஎஸ் 6010 என்ற தொழில்நுட்ப விவரக்குறிப்பு இருக்கிறது. எண்கள் ப்ராவெனன்ஸ் சுமப்பதில்லை, முகவரி எக்ஸ்போஸ் ஆன ஆப்ஜெக்டைத்தான் எண் வழியே திரும்ப அடையலாம் என்பது அதன் மாதிரி.

பொறி: எக்ஸ்போஸ் ஒரு பக்கவிளைவு. அதன் விடையான எண்ணை யாரும் பயன்படுத்தவில்லை என்பதற்காக டெட் கோட் பாஸ் அந்த வரியை அழித்தால், ரெஜிஸ்டரில் எழுதிய பக்கத்தைக் கிழித்தது போல் ஆகும். பிறகு சரியான பிளாட் நம்பரோடு வருபவரைக்கூட உள்ளே விட வழியில்லை. எல்எல்விஎம்மின் பழைய பிடிஆர்-டு-இன்ட் பக்கவிளைவு இல்லாத ஆபரேஷனாகவே நடத்தப்பட்டு வந்திருக்கிறது. அதன் மேல் சி மாதிரியை அப்படியே ஏற்றி வைக்க முடியாததற்கு இது ஒரு காரணம். உங்கள் ஐஆர் புதிது என்றால் தயங்காமல் இரண்டாகப் பிரியுங்கள். முகவரி மட்டும் எடுப்பது சுத்தமான ஆபரேஷன். நகர்த்தலாம், அழிக்கலாம், இரண்டை ஒன்றாக்கலாம். எக்ஸ்போஸ் செய்து எடுப்பதைப் பக்கவிளைவு உள்ளதாகக் குறியுங்கள். முதலாவது அடிக்கடி வரும், இரண்டாவது அபூர்வமாக வரும். அதனால் செலவு குறைவு.

5. எண்ணிலிருந்து வரும் பாயிண்டருக்கு எந்த அனுமதி?

மூன்று வகைத் தேவை உண்டு. மூன்றையும் ஒரே ஆபரேஷனில் அடைக்காதீர்கள்.

முதல் வகை: கையில் பழைய பாயிண்டர் இருக்கிறது, அதன் முகவரியை மட்டும் மாற்ற வேண்டும். கடைசி மூன்று பிட்டில் டேக் வைப்பவர்கள், கீழ்நோக்கி அலைன் செய்பவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். இவர்களுக்கு எண் வழியாகப் போகும் அவசியமே இல்லை. பழைய பாயிண்டரையும் புது முகவரியையும் வாங்கி, பழையதன் அனுமதியோடு புதுப் பாயிண்டர் தரும் ஒரு ஆபரேஷன் கொடுங்கள். எல்எல்விஎம்மில் மாஸ்க் செய்யத் தனியாக பிடிஆர்மாஸ்க் இன்ட்ரின்சிக் இருக்கிறது. மற்றபடி பழைய பாயிண்டரின் மேல் முகவரி வித்தியாசத்தைக் கூட்டினாலும் போதும். எங்கள் கோடில் எண் வழி மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பெரும்பகுதி இந்த வகையாகத்தான் இருந்தது. மாற்றி எழுத ஒரு வாரம் ஆனது, அந்த வாரத்துக்குப் பின் பாதித் தலைவலி இல்லை.

இரண்டாம் வகை: பழைய பாயிண்டர் கையில் இல்லை, எண் மட்டும்தான். இங்கேதான் கேட் ரெஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். எக்ஸ்போஸ் ஆன ஆப்ஜெக்டுகளில், நிரல் முறையாக ஓட எது பொருந்துமோ அதன் அனுமதி கிடைக்கும் என்று விதி எழுதுங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் அந்தப் பாயிண்டர் வழியே படிப்பதும் எழுதுவதும் வரையறை இல்லாத நடத்தை. எல்எல்விஎம்மின் ஆவணம் இதைக் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்கிறது: அந்த எண்ணைக் கணக்கிட நேராகவோ மறைமுகமாகவோ உதவிய எல்லாப் பாயிண்டர்களையும் ஆதாரமாகக் கொண்டது என்கிறது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஆப்டிமைசர் ஒரு எண்ணை அதற்குச் சமமான இன்னொரு எண்ணால் மாற்றிய மறுகணம், "உதவியவை" எவை என்பதே மாறிவிடுகிறது. அந்த வாசகத்தைப் புது ஐஆருக்கு நகல் எடுக்க வேண்டாம்.

மூன்றாம் வகை: சாதனத்தின் கன்ட்ரோல் ரெஜிஸ்டர் ஒரு நிலையான முகவரியில் இருக்கும். அது எந்த அலொகேஷனிலும் சேர்ந்ததில்லை. வெளி உலகுக்குச் சொந்தமான மெமரி என்று ஒரு வரி எழுதி அனுமதி கொடுத்துவிடுங்கள். இதை மறந்தால் டிரைவர் எழுதுபவர்கள் முதல் நாளே உங்கள் மேஜைக்கு வருவார்கள்.

6. போய்த் திரும்பும் ஃபோல்டைத் தொடும் முன் இந்த உதாரணத்தைக் கையால் போட்டுப் பாருங்கள்

பாயிண்டரை எண்ணாக்கி, அதே எண்ணை உடனே பாயிண்டராக்கினால், பழைய பாயிண்டரையே வைத்துவிடலாம் என்று தோன்றும். புதிதாக வரும் எவரும் முதல் வாரத்திலேயே எழுதும் ஃபோல்ட் (ஐஆரைச் சுருக்கி மாற்றும் விதி) இது. நானும் எழுதினேன், ரிவ்யூவில் எல்லோரும் சரி என்றார்கள். ஏன் தவறு என்று பொறுமையாகப் பார்ப்போம்.

அ, ஆ என்று இரண்டு லோக்கல் அரே, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பைட். ஆவில் 0 எழுதியிருக்கிறோம். க என்பது அவின் முடிவுக்கு அடுத்த இடத்தின் எண். ச என்பது ஆவின் தொடக்கத்தின் எண். இரண்டையும் எக்ஸ்போஸ் செய்தே எடுக்கிறோம். கவும் சவும் சமமாக இருந்தால், சவைப் பாயிண்டராக்கி அங்கே 7 எழுது. கடைசியில் ஆவைப் படித்து அச்சிடு.

மெமரியில் அவுக்கு அடுத்தே ஆ இருந்தால் 7 வர வேண்டும். இல்லாவிட்டால் 0. இந்த நிரலில் எந்தத் தவறும் இல்லை. ஆவுக்கு உரிய எண்ணிலிருந்தே பாயிண்டர் செய்திருக்கிறோம்.

இப்போது ஆப்டிமைசர் மூன்று அடி வைக்கிறது.

முதல் அடி: இஃப்புக்குள் கவும் சவும் சமம் என்று தெரியும். அதனால் சவுக்குப் பதில் கவை வைக்கிறது. எண்கள் தானே, சமம் என்றால் சமம்.

இரண்டாம் அடி: கவைப் பாயிண்டராக்கும் இடத்தில் நம் ஃபோல்ட் வேலை செய்கிறது. க அவிலிருந்து வந்தது, ஆகவே "அவுக்கு அடுத்த இடம்" என்ற பழைய பாயிண்டரே வந்து உட்காருகிறது.

மூன்றாம் அடி: அவிலிருந்து பிறந்த பாயிண்டரால் ஆவைத் தொட முடியாது. அதனால் ஆவில் இன்னும் 0தான் இருக்கிறது என்று முடிவு செய்து, படிக்கும் வரியை 0 என்று மாற்றுகிறது.

அடுத்தடுத்து இருக்கும் மெமரியில் இப்போது 7க்குப் பதில் 0 அச்சாகும். ஒவ்வொரு அடியையும் தனியாகக் காட்டினால் அனுபவசாலிகள்கூடச் சரி என்பார்கள். ஆனால் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும். எது?

அது உங்கள் விதியைப் பொறுத்தது. எண்கள் ப்ராவெனன்ஸ் சுமக்கும் என்று வைத்தால், முதல் அடி தவறு. அப்படியானால் சமமான இரண்டு எண்ணில் ஒன்றை மற்றதாக மாற்றும் சாதாரண ஆப்டிமைசேஷன் எல்லாமே ஆட்டம் காணும். எண் கணக்கு முழுவதையும் சந்தேகப்பட வேண்டிவரும். எண்கள் வெறும் எண்கள் என்று வைத்தால், இரண்டாம் அடியான ஃபோல்ட்தான் தவறு. என் தீர்ப்பு இரண்டாவது பக்கம்தான்: எண்ணை எண்ணாகவே விடுங்கள், ஃபோல்டை எடுத்துவிடுங்கள். எல்எல்விஎம்மின் பழைய பக்ஸில்லா பட்டியலில் 34548 என்ற எண்ணில் இருந்தது இதே ஃபோல்ட் பற்றிய விஷயம். 2018இல் ஊப்ஸ்லா மாநாட்டில் வந்த எல்எல்விஎம் மெமரி மாதிரி பற்றிய ஆய்வும் இந்தப் பக்கமே நிற்கிறது.

இன்னொரு பொறி இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எண்களில் சரியாக இருக்கும் "சமம் என்றால் மாற்று" பாயிண்டர்களில் பொதுவாகச் சரியில்லை. இரண்டு பாயிண்டர் ஒரே முகவரியைக் காட்டலாம், அனுமதி வேறாக இருக்கலாம். சமமான மதிப்புகளை ஒன்றாக்கும் உங்கள் வேல்யூ நம்பரிங் பாஸ் பாயிண்டர் ஒப்பீட்டின் மேல் இப்படி மாற்றுகிறதா என்று தேடிப் பாருங்கள். எங்களிடம் இரண்டு இடத்தில் இருந்தது.

ஃபோல்டை எடுத்தால் வேகம் குறையுமே என்று மேனேஜர் கேட்பார். நியாயமான கேள்விதான். 5ஆம் படியின் முதல் வகையை முன்னதாகச் செய்துவிட்டால், போய்த் திரும்பும் ஜோடிகளே ஐஆரில் அரிதாகிவிடும். ஃபோல்ட் செய்ய அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. அந்த வரிசையை மாற்றிச் செய்ததால்தான் எங்களுக்கு ஒரு மாதம் போனது.

7. மெமரி வழியாக நடக்கும் மாற்றத்தையும் எழுதுங்கள்

காஸ்ட் எதுவும் இல்லாமலே பாயிண்டர் எண்ணாகும். பாயிண்டரை மெமரியில் எழுதி, அதே இடத்தை 64 பிட் எண்ணாகப் படித்தால் போதும். அந்த எண் எக்ஸ்போஸ் ஆனதா? இல்லையா? இல்லை என்றால் பைட் பைட்டாக நகல் எடுக்கும் லூப்பின் கதி என்ன?

எளிய விதி: எண்ணாகப் படித்தால் முகவரி மட்டும் வரும், அனுமதி உதிர்ந்துவிடும், எக்ஸ்போஸும் ஆகாது. நாங்கள் இதைத்தான் எடுத்தோம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 8 பைட் மெம்காப்பியை ஒரு எண் லோடு, எண் ஸ்டோராக மாற்றும் பழக்கம் எல்எல்விஎம்மின் இன்ஸ்ட்கம்பைன் பாஸில் உண்டு. உங்கள் விதியில் அந்த மாற்றம் பாயிண்டரின் அனுமதியை அழித்துவிடும். ஒன்று அந்த மாற்றத்தை நிறுத்துங்கள். அல்லது எண்ணும் இல்லாமல் பாயிண்டரும் இல்லாமல் எதையும் அப்படியே தாங்கும் ஒரு பைட் வகையை ஐஆரில் சேருங்கள். எல்எல்விஎம்முக்கும் பைட் வகை முன்மொழியப்பட்டிருக்கிறது. புது ஐஆர் என்றால் ஆரம்பத்திலேயே சேர்ப்பது மலிவு.

நல் (null, எதையும் காட்டாத) பாயிண்டருக்கும் ஒரு வரி போதும். 0 என்ற எண்ணிலிருந்து வருவதும் உங்கள் மொழியின் நல்லும் ஒன்றா? ஏஎம்டி ஜிபியுவின் லோக்கல், பிரைவேட் ஸ்பேஸ்களில் மொழியின் நல், எல்லா பிட்டும் 1 ஆன மதிப்பு. உங்கள் சிப்பில் எப்படி என்று ஹார்டுவேர் குழுவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. ஆவணம், டெஸ்ட், தொட வேண்டிய கோப்புகள்

ஆவணம் இரண்டு பக்கம் போதும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: பிட்கள் என்ன ஆகும், ப்ராவெனன்ஸ் என்ன ஆகும், பக்கவிளைவு உண்டா, பாய்சன் (ஐஆரில் செல்லாத மதிப்பு) உள்ளே வந்தால் என்ன வெளியே வரும். அதன் கீழே, செய்யலாம் என்று நீங்கள் அனுமதிக்கும் ஃபோல்டுகளும், கூடவே கூடாது என்று சொல்லும் ஃபோல்டுகளும் காரணத்தோடு. இந்த "கூடாது" பட்டியல்தான் நாளைக்குப் புதிதாக வருபவரைக் காப்பாற்றும். 6ஆம் படியின் உதாரணத்தை அப்படியே அதில் வையுங்கள்.

கோடு எழுதும் முன் உங்கள் உதாரணங்களை வேறு இடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். சி மாதிரிக்கு கேம்பிரிட்ஜிலிருந்து வரும் செர்பரஸ், ரஸ்டுக்கு மிரி. இரண்டும் இலவசம். மிரியில் கண்டிப்பான ப்ராவெனன்ஸ் ஃபிளாகைப் போட்டு ஒரு மாலை உட்கார்ந்தால், படித்துப் புரியாத பலது கை வழியே புரியும். ஆப்டிமைசேஷன் சரியா என்று பார்க்க அலைவ்2 அருமையான கருவி, தினமும் ஓட்டுங்கள். ஆனால் எண்-பாயிண்டர் மாற்றம் உள்ள கோடில் அதன் பதிலை மட்டும் நம்பி நிற்காதீர்கள். அந்த இடங்களில் கையால் ஒரு முறை பாருங்கள்.

எல்எல்விஎம்மிலேயே புது ஆபரேஷன் சேர்ப்பதாக இருந்தால், நினைத்ததைவிட அதிக இடத்தைத் தொட வேண்டும்: டெக்ஸ்ட் பார்சர், பிட்கோட் ரீடர், ரைட்டர், வெரிஃபையர், கான்ஸ்டன்ட் ஃபோல்டிங், இன்ஸ்ட்கம்பைன், கேப்சர் டிராக்கிங், செலக்‌ஷன் டேக் (SelectionDAG), குளோபல் ஐசெல், லாங்வேஜ் ரெஃபரன்ஸ். பாயிண்டர் வெளியே போகிறதா என்று பார்க்கும் கேப்சர் டிராக்கிங்கைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். முகவரி மட்டும் எடுக்கும் ஆபரேஷனை அங்கே சொல்லாவிட்டால், தனியாகப் பிரித்ததன் பலன் எதுவும் கிடைக்காது. பிட்கோடில் எண் ஒதுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். 3.0 பதிப்பிலிருந்து வந்த எல்லா பிட்கோடையும் படிப்போம் என்பது எல்எல்விஎம்மின் கொள்கை. நீங்கள் சேர்த்ததை இனி வருபவர்கள் என்றைக்கும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

9. செலவு, அனுமதிக் கடிதம், நேரம்

எல்எல்விஎம்முக்குக் கோடு கொடுக்கக் கட்டணம் இல்லை. பதிப்புரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தமும் இல்லை. எல்எல்விஎம் விதிவிலக்குகளோடு கூடிய அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் போகும். சிக்கல் நம் பக்கம்தான். இங்கே பல நிறுவனங்களின் வேலை ஒப்பந்தத்தில், நீங்கள் எழுதுவது எல்லாம் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருக்கும். எந்த ப்ராஜெக்ட், எந்தப் பகுதி, எந்த உரிமம் என்று குறிப்பிட்டு மேனேஜரிடமும் சட்டப் பிரிவிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஆகவே 1ஆம் படியைத் தொடங்கும் நாளிலேயே அந்த மெயிலை அனுப்பிவிடுங்கள்.

மெஷின்: 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் டீபக் பில்ட் லிங்க் ஆகும்போது மெமரி தீர்ந்து நின்றுவிடலாம். ரிலீஸ் பில்ட், அஸர்ஷன் போட்டு, உங்களுக்கு வேண்டிய டார்கெட்டுகள் மட்டும், நிஞ்சா பில்ட் கருவியோடும் எல்எல்டி லிங்கரோடும் கட்டுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் லிங்குகளை இரண்டுக்கு மேல் விடாதீர்கள். ஏற்கனவே கட்டியதைச் சேமித்து வைக்கும் சிகேஷ் (ccache) கட்டாயம். டீபக் பில்டும் தேவைப்பட்டால் டிஸ்க்கில் 20 ஜிபியாவது காலியாக வையுங்கள். சொந்த மெஷினில் ரேம் சேர்ப்பதாக இருந்தால் எஸ்.பி. ரோட்டில் மூன்று கடையாவது விசாரியுங்கள். விலை நாளுக்கு நாள் மாறுகிறது. பில்லும் வாரண்டி சீட்டும் இல்லாமல் வாங்காதீர்கள்.

எனக்கு ஆன நேரத்தைக் கழித்துக் கூட்டி, ஒழுங்கான வரிசையில் செய்தால் எவ்வளவு ஆகும் என்று சொல்கிறேன். ஆவணத்துக்கு இரண்டு வாரம், குழுவோடு பேசித் தீர்க்க ஒரு வாரம், பழைய கோடில் முதல் வகை மாற்றங்களை எடுக்க ஒரு வாரம், ஆபரேஷன்களும் வெரிஃபையரும் இரண்டு வாரம், பாஸ்களைத் தேடிச் சரிபார்க்க மூன்று வாரம். கடைசியதைச் சுருக்காதீர்கள்.

வெளியே அனுப்புவதென்றால், விதியை மாற்றும் எதற்கும் முதலில் முன்மொழிவு, அதன் பிறகே கிட்ஹப்பில் கோடு. ரிவ்யூ செய்பவர்கள் பலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இருக்கிறார்கள். நாம் மத்திய ஐரோப்பாவைவிட மூன்றரை அல்லது நாலரை மணி நேரமும், மேற்குக் கரையைவிடப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரமும் முன்னால் இருக்கிறோம். மதியம் சாப்பிட்ட பிறகு அனுப்பினால் ஐரோப்பியர்கள் காலையில் பார்ப்பார்கள், மாலைக்குள் ஒரு சுற்று பதில் எழுதிவிடலாம். இரவு பத்து மணிக்கு அனுப்பினால் ஒரு நாள் போகும். பதில் வராவிட்டால் வாரம் ஒரு முறை நினைவூட்டலாம். அது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம்.

ஜனவரியிலும் ஜூலையிலும் எல்எல்விஎம் ரிலீஸ் கிளை பிரியும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தில் புது ஆபரேஷனை உள்ளே கொண்டுபோக முயல வேண்டாம். அவசரத்தில் பார்க்கப்படும், ஏதாவது உடைந்தால் அந்த ரிலீஸிலேயே திரும்ப எடுக்கப்படும். கிளை பிரிந்த மறுவாரம் அனுப்பினால், அடுத்த ரிலீஸுக்கு முன் சரி செய்ய முழுதாக ஐந்து மாதத்துக்கு மேல் கையில் இருக்கும்.